இறால் ஆகாது என்று சொல்லக் கற்றுக்கொண்ட கதை

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில், கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் எங்கள் ஹார்டுவேர் கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நான் தாய்லாந்து பாஷை படித்தேன். ஆமாம், தாய்லாந்து பாஷைதான். செல்போனைக் கால்குலேட்டர் மேல் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லித் தருவதைத் திருப்பிச் சொல்வேன். "சவாதீ கா" என்றால் வணக்கம். "கோப் குன் கா" என்றால் நன்றி. அரை இன்ச் எல்போ வாங்க வந்த பிளம்பர் ஒருவரிடம் வாய் தவறி "கோப் குன் கா" சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எல்போவையும் ஒரு மாதிரி திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். டைல்ஸ் ஒட்டும் பசை விற்கும் ஒரு கம்பெனி, நிறைய விற்ற கடைக்காரர்களை ஜோடியாகத் தாய்லாந்துக்கு அழைத்துப் போவதாக அறிவித்திருந்தது. சிப்காட் பக்கம் ஷெட்டும் குவார்ட்டர்ஸும் கட்டிக்கொண்டே இருக்கிறார்களே, அந்தப் புண்ணியத்தில் எங்கள் கடைக்கும் சீட்டு விழுந்தது. அதுவரை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் திருப்பதி. பாஷை கற்பது பற்றி எனக்குப் பயமில்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசா ஆட்கள். எல்லை தாண்டி ஆந்திராக்காரர்களும் வருவார்கள். ஆணியும் வால்வும் நாலு பாஷையில் விற்றுப் பழகியவளுக்கு, ஐந்தாவதாக ஒன்று வந்தால் தலை வெடித்துவிடாது.

ஆனால் வணக்கமும் நன்றியும் கற்க நான் இவ்வளவு பாடுபடவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. என் கணவருக்கு இறால் ஆகாது என்கிற வரி.

இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். இவர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். இவருடைய சின்ன வயதிலேயே மாமியார் தவறிவிட, இவரைத் தூக்கி வளர்த்தது இவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இறால் தொக்கும் சோறும் தின்றே வளர்ந்த மனுஷன். கல்யாணமாகி வந்த புதிதில், பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் நெல் விளைகிற வீட்டில் பிறந்த எனக்கு இறாலுக்கு முதுகு நரம்பு எடுக்கச் சொல்லித் தந்ததே இவர்தான். அப்படிப்பட்டவருக்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், இறால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. பொன்னேரியில் டாக்டரிடம் ஓடினோம். இது அலர்ஜி, பெரியவர்களான பிறகும் திடீரென்று வரும், இனிமேல் இறாலைக் கண்ணால் பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது, நண்டும் வேண்டாம், அடுத்த முறை தொண்டையே அடைத்துக்கொள்ளலாம் என்று அவர் விளக்கமாகச் சொன்னார்.

அன்று பிடித்தது எனக்குச் சனி. ஏனென்றால் இவர் அதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். "கடல்காரன் ஊட்டுப் புள்ளைக்கு எறா ஆவாதுன்னா, மாடு மேய்க்கிறவனுக்குப் பாலு ஆவாதுன்ற மாரி. ஊரே சிரிக்கும். நீ வெளிய சொல்லிக்கினு திரியாத" என்றார். சொந்தக்காரர்கள் விருந்துக்குப் போனால் இவர் சொல்லும் சாக்குக்கு அளவே கிடையாது. ஒரு நாள் வயிறு சரியில்லை. ஒரு நாள் சனிக்கிழமை. வருஷம் பூரா ஏதாவது ஒரு அம்மனுக்கு விரதம். இவர் சொன்ன விரதங்களை எல்லாம் நிஜமாகவே இருந்திருந்தால் இந்நேரம் நேராக மோட்சத்துக்குப் போயிருக்கலாம்.

சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம், வளர்த்த அக்காவுக்காவது சொல்ல வேண்டாமா? நான் சொன்னேன். நேரில் சொன்னேன், போனில் சொன்னேன், டாக்டர் சீட்டைக் காட்டியும் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே எறா சப்புனவன் அவன். உங்க ஊட்டாண்ட நெல்லுதான வெளையுது. எறா கவிச்சி உனுக்குப் புடிக்கல, அத்த அவன் மேல போட்டுச் சொல்ற" என்றார் அண்ணி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர், சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வீண் பழி.

இந்த நிலையில் தாய்லாந்து. அந்த ஊர்ச் சமையல் எப்படி என்று செல்போனில் தேடிப் பார்த்தேன். நூடுல்ஸில் காய்ந்த இறால் தூவுகிறார்கள். பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் கூட்டில் இறால். குழம்புக்கு அரைக்கும் விழுதில் இறாலைப் புளிக்க வைத்து அரைத்தது. பார்க்கக் காய்கறி மாதிரி இருக்கும், உள்ளே இறால் இருக்கும். எங்களோடு வருகிற கடைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருந்தார்கள். அதில் கேட்டேன். சைகை காட்டினால் போதும் மேடம் என்று ஒருவர். எல்லாம் இந்தியன் ஹோட்டல்தான், கவலை வேண்டாம் என்று இன்னொருவர். மூன்றாமவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய தாய்லாந்து வார்த்தைகள் என்று ஒரு நீளப் பட்டியல் அனுப்பினார். அதில் பீர் இருந்தது, மசாஜ் இருந்தது, விலையைக் குறை என்பது மூன்று விதமாக இருந்தது. உயிர் பிழைக்க ஒரு வார்த்தை இல்லை.

நானே தேடிக் கண்டுபிடித்தேன். அந்த ஊரில் கணவனுக்கு 'சாமீ' என்று பெயர். 'பே' என்றால் ஒத்துக்கொள்ளாது. 'குங்' என்றால் இறால். சாமீ பே குங் கா. ஒரே வரியில் சாமியும் பேயும் சேர்ந்து வந்ததால் எனக்குச் சட்டென்று மனதில் நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பாஷையில் ராகம் முக்கியம். ஏற்றுகிற இடத்தில் ஏற்ற வேண்டும், இறக்குகிற இடத்தில் இறக்க வேண்டும். பெயிண்ட் டப்பா அடுக்கும்போதும், சிமெண்ட் மூட்டை இறக்கும்போது கணக்குப் பார்க்கும்போதும், நான் அந்த வரியையே ஏற்றி இறக்கிப் பாடிக்கொண்டிருந்தேன்.

கணவனுக்குச் சாமீ என்று பெயர் என்றதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, அந்த ஊர்ல மரியாத தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றார்.

"சாமின்னா படையல பாத்துக்கினு சும்மா இருக்கும். நீங்க துன்னுடுவீங்க" என்றேன்.

அவருக்கும் அவர் சொல்ல வேண்டிய வரியைக் கற்றுத் தர முயன்றேன். ஆண்கள் சொல்வதானால் "பொம் பே குங் க்ராப்". மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் குடோனுக்குள் உட்கார வைத்துச் சொல்லச் சொல்வேன். உடனே அவருக்கு ஏதாவது பைப் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். 'எவ்வளவு' என்பதற்கு 'தாவ் ராய்' என்று மட்டும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துகொண்டார். வியாபாரி புத்தி. உயிரைப் பற்றிய வரிக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில், அங்கே போய் இவரை விட்டுவிட்டு நான் மட்டும் ஊர் சுற்றலாம் என்று கூட நினைத்தேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணி போன் செய்தார். தம்பி முதல் முதலாகப் பிளேன் ஏறுகிறான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போக வேண்டும் என்றார். மறுக்க முடியுமா? நான் போனிலேயே சொன்னேன். "அண்ணி, எறா மட்டும் வேணாம். நண்டும் வேணாம். மத்தது எது பண்ணாலும் சரி."

"தெர்தும்மா. நீதான் கரடியா கத்திக்கினு இருக்கியே. எறா போடல. போதுமா?" என்றார்.

அவர் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. இருந்தாலும் வார்த்தை கொடுத்துவிட்டாரே என்று எனக்கு நிம்மதி. முதல் தடவையாக நான் சொன்னது காதில் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்த வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள், பெண்கள் பரிமாறிவிட்டுப் பிறகு உட்காருவோம். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், முருங்கைக்காய் போட்ட கத்திரிக்காய் தொக்கு, ரசம். நான் ஒவ்வொரு பாத்திரமாகக் கரண்டி விட்டுக் கிளறிப் பார்த்தேன். இறால் இல்லை, நண்டு இல்லை. அண்ணி நான் கிளறுவதைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று இலை போட்டுப் பரிமாறினேன்.

இவர் தொக்கைத் தொட்டு முதல் வாய் வைத்தார். ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு எதிரில் கரண்டியோடு நின்ற அக்காவைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டார். காரம் ஜாஸ்தி போல என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க நைனா. அங்க போயி இன்னாத்த துன்னப்போற" என்று அண்ணி மறுபடியும் தொக்கை அள்ளி வைத்தார். அதையும் சாப்பிட்டார்.

கை கழுவப் போனவர் காதைச் சொறிந்தார். அப்புறம் கழுத்தை. திரும்பி வந்தபோது கண் இமை தடித்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார், ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி ஒரு குரல் வந்தது. கீழுதடு என் கண் முன்னாலேயே வீங்கியது. பொன்னேரி டாக்டர் அவசரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரைக்காகக் கைப்பையைத் துழாவினேன். இல்லை. அதைத்தான் நான் பத்திரமாகத் தாய்லாந்துப் பெட்டியில், மேல் ஜிப்பில் வைத்திருந்தேனே. தாய்லாந்துக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, பழவேற்காட்டுக்கு ஒரு ஏற்பாடும் இல்லாமல் வந்து நின்றிருந்தேன்.

அண்ணி என்ன செய்தார் தெரியுமா? "பிளேன்ல போறான்னு ஊரே பாத்துச்சி. கண்ணு பட்டுட்ச்சி" என்று உள்ளே ஓடி உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். இவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு நிற்கிறார், அவர் கிழக்கே பார்த்து உட்காரச் சொல்கிறார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் மீன் ஏற்றும் மினி வேன் வைத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே சாவியை எடுத்தார். முன் சீட்டில் இவரை உட்கார வைத்து நான் ஒட்டிக்கொண்டேன். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அண்ணியும் ஏறிவிட்டார், கையில் உப்பு மிளகாயோடு.

பொன்னேரி ரோட்டில் அன்று பார்த்துக் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. இவர் மூச்சு விடும்போது தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை சில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. இந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா தாயே, பெரியபாளையத்தம்மா, இவரைப் பிழைக்க வைத்தால் இனிமேல் இவரை ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். (அந்த வேண்டுதலை நான் நிறைவேற்றவில்லை. அம்மன் மன்னிப்பாள்.)

வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எதிர் வீட்டுக்காரர் வேனை நிறுத்தினார். நர்ஸ் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "சாமீ பே குங் கா" என்றேன். இத்தனை நாள் கல்லாவில் உட்கார்ந்து ஏற்றி இறக்கிப் பாடிய வரி, அவசரத்துக்கு அதுதான் வந்து விழுந்தது. நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "தமிழ்ல சொல்லுங்கம்மா" என்றார் நிதானமாக.

"என் ஊட்டுக்காருக்கு எறா ஆவாது" என்றேன்.

அவ்வளவுதான். நர்ஸ் மறுகேள்வி கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது, டாக்டரம்மா வந்தார், தொடையில் ஊசி போட்டார்கள், முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சுக் குழாய் மூடியிருக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகு, இறால் ஆகாது என்று தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"எறா போடல டாக்டர். பெத்த புள்ள மாரி வளத்தவ, நான் ஏன் போடப்போறேன். சத்தியமா போடல" என்று அழுதார் அண்ணி.

டாக்டரம்மா விடவில்லை. ஒவ்வொன்றாக என்னென்ன சமைத்தீர்கள், என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். தொக்கு வந்தது. கத்திரிக்காய், முருங்கைக்காய், வெங்காயம், தக்காளி, "அப்புறம் சென்னாக்குன்னி ஒரு புடி, வறுத்துப் பொடி பண்ணி. அது வாசனைக்கு" என்றார் அண்ணி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்னாக்குன்னி என்பது அரிசி அளவுக்குப் பொடிப் பொடியாக இருக்கும் இறால். வெயிலில் காய வைத்து டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார்கள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "அது எறா இல்லாம வேற இன்னாமா?" என்று கேட்டார்.

அண்ணி நிஜமாகவே திகைத்துப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பொய் சொல்லவில்லை, வீம்புக்கும் போடவில்லை. அந்த வீட்டில் இறால் என்றால் முழுசாக, ஆய்ந்து, எண்ணி இலையில் வைப்பது. சென்னாக்குன்னி என்பது மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் வரிசையில் அடுப்பு மேல் இருக்கும் டப்பா. உப்பு போட்டாயா என்று யாராவது சமையல்காரியிடம் கேட்பார்களா? எந்தக் கறியில் இறால் போடவில்லையோ, அந்தக் கறிக்குத்தான் வாசனை போதாது என்று அதைப் போடுவார்கள். தாய்லாந்து சமையலில் காய்ந்த இறால் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று அலசி ஆராய்ந்த நான், நாலு வருஷத்துக்கு மேல் இந்த வீட்டு அடுப்படியில் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாளும் அதைப் பேர் சொல்லி வேண்டாம் என்று சொன்னதில்லை.

வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். உப்பும் மிளகாயும் கையிலேயே கசங்கியிருந்தன. "என் கையாலயே போட்டுட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். பாவமாகத்தான் இருந்தது. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டாக்டரே சொல்லிட்டாங்க. அப்போ நெசந்தான் போல" என்றார். நான் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டேன். வருஷக்கணக்கில் நான் சொன்னதெல்லாம் அப்போது என்ன, யாரும் காது கொடுக்காத ரேடியோவா?

மறுநாள் காலையில் இவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். முதல் வாயிலேயே தெரிந்ததா என்று கேட்டேன். தெரிந்தது என்று தலையாட்டினார்.

"தெர்ஞ்சி ஏன் துன்னீங்க?"

"அக்கா ஆசையா பண்ணி வெச்சிக்கினு எதுர்ல நிக்குது. எப்டி வேணான்றது?"

நான் எழுந்து டீ குடிக்க வெளியே போய்விட்டேன். அங்கேயே இருந்திருந்தால் இறால் விட்ட குறையை நான் முடித்திருப்பேன்.

டாக்டர் சம்மதித்த பிறகுதான் தாய்லாந்து கிளம்பினோம். மாத்திரை இந்தத் தடவை என் கைப்பையில் இருந்தது, இவர் சட்டைப் பையிலும் இருந்தது. போன இடத்தில் முதல் இரண்டு நாளும் இந்தியன் ஹோட்டல்தான், சப்பாத்தியும் பருப்பும். மூன்றாம் நாள் சாயந்திரம் கடைத்தெருவில் விட்டுவிட்டு, அவரவர் இஷ்டப்படி சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். தள்ளுவண்டியில் சோறு வதக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றேன். என் வயதுதான் இருக்கும். வண்டியில் கண்ணாடி டப்பா நிறையக் காய்ந்த இறால். இவரைக் காட்டி, "சாமீ பே குங் கா" என்றேன். ராகம் சரியாக வந்ததா என்று சந்தேகம். தொண்டையைப் பிடித்துக் காட்டி இன்னொரு முறை சொன்னேன்.

அந்தப் பெண் இவரை ஒரு பார்வை பார்த்தாள். தலையை ஆட்டினாள். இறால் டப்பாவை மூடி எடுத்துக் கீழே வைத்தாள். அடுப்பில் இருந்த சட்டியைத் தூக்கி, எண்ணெயைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவினாள். கரண்டியையும் கழுவினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். புது எண்ணெய் ஊற்றி, முட்டை உடைத்துப் போட்டு, சோற்றை வதக்கி இவர் முன்னால் வைத்தாள். பிறந்ததிலிருந்தேவா என்று கேட்கவில்லை. கொஞ்சம் போட்டால் என்ன என்று கேட்கவில்லை. உனக்குத்தான் பிடிக்காதோ என்று என்னைப் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. "கோப் குன் கா" என்பதையும் அழுதுகொண்டேதான் சொன்னேன். காரம் என்று நினைத்து அவள் தண்ணீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். மீதி இருந்த நாட்களில் கடைகடையாகப் போய் "பொம் பே குங் க்ராப்" என்று இவரே சொன்னார். இளநீர் கடையில் கூடச் சொன்னார். ஊரில் இதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று கேட்டேன். இங்கே என்னை யாருக்குத் தெரியும், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும் என்றார். நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தைக் கேட்கத் தாய்லாந்து வரை வர வேண்டியிருந்ததே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து சில மாதம் கழித்துப் பழவேற்காட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் இவர் உட்கார்ந்திருந்தார். நான் எதிர் வரிசையில். இறால் தொக்கு வாளி வந்தது. பரிமாறுகிறவர் இவர் இலைப் பக்கம் குனிந்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை, இந்தத் தடவையாவது தானாகச் சொல்லட்டும் என்று. இவர் தொண்டையைக் கனைத்தார். என்ன சாக்கைத் தேடினாரோ, அன்று சனிக்கிழமை கூட இல்லை.

அப்போது பந்தலின் அந்தக் கோடியில் இருந்து அண்ணியின் குரல் வந்தது. "டேய், அவன் எலைல எறா போடாத. அவனுக்கு எறா ஆவாது. சென்னாக்குன்னியும் ஆவாது. கத்திரிக்கா கறில இன்னா போட்டிருக்குதுன்னு கேட்டுட்டுப் போடு." பந்தியே திரும்பிப் பார்த்தது. இவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து இலைக்காரர் தன் மச்சானுக்கும் கோழி முட்டை ஆகாது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பந்தி முடிந்ததும் அண்ணி நேராக என்னிடம் வந்தார். கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போய், "நீ கொஞ்சம் ஜாக்ரதையா இரும்மா. எதுர்லயே ஒக்காந்துகினு பாத்துக்கினு இருந்தா எப்டி? சென்னாக்குன்னியும் எறாதான், தெரிஞ்சிக்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தாய்லாந்து பாஷையில் கூட ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பந்தலுக்கு அந்தப் பக்கம் இவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, முழுசாக, உயிரோடு நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "சரிங்க அண்ணி" என்றேன். நான் சொல்லி ஏறியதா டாக்டர் சொல்லி ஏறியதா என்கிற வழக்கை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது ஒன்றைத் தனக்கு ஆகாது என்று சொன்னால், அது எந்த பாஷையாக இருந்தாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் முதலில் சட்டியைக் கழுவப் போய்விடுகிறேன்.